பூங்கொத்துக்குப் பச்சை நிறப் பூக்களை வளர்ப்பது எப்படி?

பூங்கொத்து கட்டுவதற்காகப் பச்சை நிறப் பூக்களை வளர்க்க விரும்புவதாகவும், சென்ற பருவத்தில் விதைத்த பச்சை ஜினியா விதை உறையில் இருந்த படத்தைப் போல் இல்லாமல் வெளிறிய மஞ்சளாகப் பூத்ததாகவும், பெல்ஸ் ஆஃப் அயர்லாந்து விதை பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை என்றும், பறித்து வந்த ஹைட்ரேஞ்சியா மறுநாளே தலை தொங்கிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தழைச்சத்தைக் கூட்டினால் பூவில் பச்சை கூடுமா, அந்த ஜினியாவிலிருந்து எடுத்து வைத்த விதையை மறுபடி விதைக்கலாமா என்றும் கேட்டுவிட்டு, வளர்க்கத் தகுந்த செடிகளின் பட்டியல் ஒன்றும் கேட்டிருக்கிறீர்கள். செடிகளின் பெயர் உங்களுக்கு ஓரளவு தெரிந்தே இருக்கிறது. எந்தப் பச்சைப் பூவை எங்கே நட வேண்டும், எந்த நிலையில் பறிக்க வேண்டும், பறித்த பின் அது எத்தனை நாள் பச்சையாகவே நிற்கும் என்பதுதான் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். பட்டியல் அதற்குள்ளேயே வந்துவிடும்.

என் அனுபவத்தின் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக்கலை படித்துவிட்டு, பல ஆண்டுகளாகத் திறந்தவெளிப் பாத்திகளில் கொய்மலர் வளர்த்துப் பூங்கொத்து கட்டுபவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வெப்பத்தையும் ஒளியையும் கட்டுப்படுத்திய குடில்களில் வளரும் சிம்பிடியம் ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்றவற்றைக் கொய்த பூவாகக் கையாண்டிருக்கிறேனே தவிர, வளர்த்ததில்லை. பச்சைச் சிம்பிடியமும் பச்சை ஆந்தூரியமும் ஜாடியில் வாரக் கணக்கில் நிற்கும் அருமையான பூக்கள்தான் என்றாலும், அவற்றின் வளர்ப்பை அதில் ஊறியவர்களிடம் கேட்பதே முறை.

பச்சைப் பூக்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய அடிப்படை ஒன்று உண்டு. மொட்டுப் பருவத்தில் பெரும்பாலான பூக்களின் இதழில் பச்சையம் இருக்கிறது. பூ விரிய விரியச் செடி அந்தப் பச்சையத்தைச் சிதைத்துவிட்டு வேறு நிறமிகளை நிரப்பிக்கொள்கிறது, அல்லது இதழை வெண்மையாக விட்டுவிடுகிறது. பச்சையாகவே விரியும் இதழ் என்றால், அந்தச் சிதைவு முழுமையாக நடக்கவில்லை என்று பொருள். ஆனால் பூங்கொத்தில் பச்சைப் பூவாக நாம் வைப்பவற்றில் பாதிக்கு மேல், பச்சையாக இருப்பது இதழே அன்று. சிலவற்றில் அது மொட்டை வெளியே பொதிந்திருக்கும் புல்லி வட்டம். சிலவற்றில் பூவுக்கு அடியில் வரும் பூவடி இலை. சிலவற்றில் இன்னும் முதிராத பூ, அல்லது முதிர்ந்து மீண்டும் பச்சையேறிய பூ. வேறு சிலவற்றில் கதிரோ காயோ. இதழ் என்பது பூச்சியை அழைப்பதற்காகச் சில நாட்களுக்கு மட்டும் செடி விரிக்கும் உறுப்பு; வேலை முடிந்ததும் அதை வாட விட்டுவிடும். புல்லியும் பூவடி இலையும் இலையின் தன்மை கொண்டவை. நெடுநாள் இருக்கவே அமைந்தவை. எந்த உறுப்பு பச்சையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டால், நிழல் வேண்டுமா, எப்போது பறிப்பது, எத்தனை நாள் நிற்கும் என்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

உங்கள் ஜினியா முதல் வகையைச் சேர்ந்தது. அதில் பச்சையாக இருப்பது உண்மையான இதழ். ஆகவே அந்தப் பச்சை நிலையற்றது. கடும் வெயிலில் இதழின் பச்சையம் விரைவாகச் சிதையும். பூ முதிர முதிர வெளிறும். நாள் முழுவதும் வெயில் படும் பாத்தியில், முழுதாக விரிந்து சில நாட்கள் ஆன பூவைப் பார்த்தால் அது வெளிறிய மஞ்சளாகத்தான் தெரியும். விதை தவறானதாக இருக்கவும் கூடும்; ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், அடுத்த முறை அதே விதையில் ஒரு பகுதியைக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடத்தில் விதைத்துப் பாருங்கள். ‘என்வி’ என்ற பழைய பச்சை ரகம் இலேசான நிழலைப் பொறுத்துக்கொள்வதில் பெயர் பெற்றது; அங்கே அதன் பச்சை ஆழமாகவும் இருக்கும். அதில் ஒற்றை அடுக்குப் பூக்களும் கலந்து வருவது வழக்கம். அதை விதையின் குற்றமாகக் கொள்ள வேண்டாம். ‘பெனரிஸ் ஜெயன்ட் லைம்’ பெரிய பூ, உறுதியான தண்டு. ‘குவீன் லைம்’ வரிசை அதைவிடச் சிறிய பூ, சிலவற்றில் இளஞ்சிவப்பும் பச்சையும் ஒரே பூவில் மங்கலாகக் கலந்து வரும். கொய்மலருக்கு இந்தக் கலவை நிறங்களே கூடுதலாகப் பயன்படுகின்றன என்பது என் கருத்து.

ஜினியாவுக்கு வேர் கலைவது பிடிக்காது. மண் சூடேறிய பின் நேரடியாக விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஓர் அடி உயரம் வருமுன் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து நீண்ட கிளைகள் கிளம்பும். இடைவெளியைக் குறைத்தால் காற்றோட்டம் குறைந்து சாம்பல் நோய் முதலில் அடி இலைகளில் படியும். பறிக்கும் பதத்தைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பூவுக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தண்டைப் பிடித்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். தண்டு விறைப்பாக நின்று முழுத் தண்டும் சேர்ந்து அசைந்தால் பறிக்கலாம். பூவின் கழுத்து மட்டும் துவண்டு ஆடினால் இன்னும் பதமாகவில்லை. அதை எத்தனை நல்ல தண்ணீரில் வைத்தாலும் நிமிராது. பச்சை ரகங்களில் ஒரு சிக்கல் உண்டு. பதமாகும் நாளுக்கும் நிறம் வெளிறத் தொடங்கும் நாளுக்கும் இடையில் அவகாசம் குறைவு. நடுவில் மஞ்சள் மகரந்தப் பூக்கள் வளையமாக எழும்புமுன் எடுத்துவிட வேண்டும். அதனால் மற்ற நிற ஜினியாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால், பச்சையை நாள்தோறும் பார்க்க வேண்டியிருக்கும். பறித்ததைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ஜினியா குளிரில் கெடும்.

தழைச்சத்தைப் பற்றிக் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து குறைந்தால் இலை வெளிறும் என்பது உறுதி. அதை வைத்து, கூட்டிக் கொடுத்தால் பூவும் பச்சையாகும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் பூ பச்சையாக இருப்பது ரகத்தின் மரபியல்பு. உரம் அந்த இயல்பை உண்டாக்காது. அளவுக்கு மீறிய தழைச்சத்தால் செடி இலையாகத் தழைக்கும், பூ தள்ளிப்போகும், தண்டு நீரோட்டமாக மென்மையாகிக் கழுத்து துவளும், அசுவினியும் விரும்பி வரும். கொய்மலர் பாத்திக்கு நன்றாக மக்கிய உரமும், மண் பரிசோதனை சொல்லும் அளவு சத்தும் போதும்.

சாமந்தியிலும் பச்சை ரகங்கள் உண்டு; பொத்தான் போன்ற சிறு உருண்டைகளும் சிலந்திக் கால் போல நீண்ட இதழ் கொண்டவையும் பூக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். இதழ் பச்சை என்பதால் இவையும் வெயிலில் வெளிறும். நிழல் வலை போட்டால் நிறம் நிற்கும். நாள் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும் செடி என்பதால், அருகில் இரவு முழுவதும் எரியும் விளக்கு இருந்தால் பூப்பு குழம்பிவிடும். சாமந்தியில் பூவுக்கு முன் இலைதான் பழுக்கும். ஆகவே பூங்கொத்து கட்டும்போது கீழ் இலைகளை நீக்கிவிடுவது நல்லது.

இனி பெல்ஸ் ஆஃப் அயர்லாந்து. பெயரில் அயர்லாந்து இருந்தாலும் இதன் தாயகம் துருக்கி, சிரியா, காக்கசஸ் பகுதி. துளசிக் குடும்பத்துச் செடி. ஒரு தண்டைக் கையில் எடுத்து ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தால், அடியில் சிறு வெள்ளைப் பூ ஒன்று துளசிப் பூவைப் போலவே இரண்டு உதடுகளாகப் பிளந்து நிற்பது தெரியும். அதுதான் உண்மையான பூ. சில நாளில் உதிர்ந்துவிடும். வலைப்பின்னல் போல் நரம்போடிய பச்சைக் கிண்ணம் அதன் புல்லி வட்டம். உதிரும் பூவை நம்பியிராமல் புல்லியை நம்பியிருப்பதால்தான் இது ஜாடியில் 10 நாளுக்கு மேலும் குலையாமல் நிற்கிறது. கிண்ணங்களுக்கு அடியில் கூர்மையான சிறு முட்கள் இருக்கும். பறிக்கும்போதும் இலை உருவும்போதும் கையுறை தேவை.

உங்கள் விதை முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. இந்த விதை குளிர்ந்த மண்ணை விரும்புவது. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை உள்ள மண்ணில், மேலாகத் தூவி, ஒளி படும்படி விட்டால் நன்றாக முளைக்கும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் விதையை ஈரமான மணலிலோ தாளிலோ வைத்து ஒன்றிரண்டு வாரம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, ஆண்டின் மிகக் குளிர்ந்த பருவத் தொடக்கத்தில் விதைக்கலாம். அப்படிச் செய்தாலும் எல்லா விதையும் ஒரே நாளில் எழும்பாது. சில இரண்டு வாரத்தில் வரும், சில ஒரு மாதம் கழித்து வரும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திவிட்ட பிறகு பக்கத்து ஓரத்தில் நாற்று தலைகாட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றைப் பெரிதாக விட்டுப் பிடுங்கி நடக் கூடாது. பறித்த தண்டுகளைப் படுக்க வைத்தால் நுனி சில மணி நேரத்துக்குள் மேல்நோக்கி வளைந்துவிடும்; பிறகு நேராகாது. வாளியில் நிறுத்தியே வைக்க வேண்டும். கிளாடியோலஸில் ‘கிரீன் ஸ்டார்’ வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பூவடி இலை பச்சையாக இருக்கும் வகையில் என் முதல் தேர்வு ‘கிரீன் ட்ரிக்’ என்ற டயாந்தஸ். பாசி உருண்டை போன்ற அந்தத் தலையில் இதழே கிடையாது; பூவாக வேண்டிய இடத்தில் பூவடி இலைகளே மேலும் மேலும் அடுக்கி வந்த ஒரு மரபுத் திரிபு அது. வாடுவதற்கு இதழும் இல்லை, உதிர்வதற்கு மகரந்தமும் இல்லை என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் எளிதாக நிற்கும். விதை பிடிக்காத செடி. தண்டுத் துண்டு மூலம்தான் பெருக்க முடியும். ஆகவே இதன் விதை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். பச்சை ரோஜா எனப்படும் ‘விரிடிஃபுளோரா’வும் இந்த வழியில் வந்ததே. சீன ரோஜாவின் திரிபான அதில் இதழ்கள் எல்லாம் புல்லியாக மாறியிருக்கும். கடைகளில் விற்கும் வெளிர்பச்சை இதழ் ரோஜாக்களோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அழகில் அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். முதிர்ந்தால் செம்பு நிறம் ஏறும். ஆனால் கொத்துக்குள் இடைநிரப்பாக வைத்தால் மற்றவை வாடிய பிறகும் அது இருக்கும். பூப்ளூரம் என்ற ஓராண்டுச் செடியும் நல்ல இடைநிரப்பு. அதன் தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு போவது போல் இருக்கும். விதை புதிதாக இருக்க வேண்டும், மண்ணால் மூட வேண்டும், குளிர் வேண்டும்.

ஹைட்ரேஞ்சியா துவண்டதற்கு வருவோம். அதன் பெரிய உருண்டையில் நாம் இதழ் என்று நினைப்பவையும் புல்லிகளே. ஆனால் அவை இளசாக இருக்கும்போது மெல்லியவை, நீரை வேகமாக ஆவியாக விடுபவை. முதிர்ந்த பிறகுதான் தடித்து நிலைப்படும். ‘அன்னாபெல்’ ரகம் பச்சையாகத் தொடங்கி, வெண்மையாகி, மீண்டும் பச்சைக்குத் திரும்பும். ‘லைம்லைட்’ ரகம் இளம்பச்சையாகத் தொடங்கி வெளுத்து, பருவ முடிவில் இளஞ்சிவப்பேறும். முதல் பச்சையில் பறித்தால் நீங்கள் கண்டது போல் மறுநாளே தொங்கும். அன்னாபெல்லை இரண்டாம் பச்சையில் பறித்தால் வாரக் கணக்கில் நிற்கும், அப்படியே உலரவும் செய்யும். விரலால் தொட்டுப் பாருங்கள்: ஈரப்பட்டுப் போல் குளுமையாக இருந்தால் இன்னும் காலம் ஆகவில்லை, தாள் போல் சலசலத்தால் பறிக்கலாம். துவண்டுவிட்ட தலையை எறிய வேண்டாம். தண்டின் அடியை மறுபடி சாய்வாக வெட்டி, முழுத் தலையையும் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் புல்லிகளே நீரை உறிஞ்சிப் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

குளிர்ப்பகுதிகளில் வளரும் ஹெலிபோரிலும் இதே பாடம்தான். இளம்பூவைப் பறித்தால் சில மணி நேரத்தில் தலை சாயும். நடுவிலுள்ள மகரந்தத் தாள்கள் உதிர்ந்து, விதைப் பைகள் புடைக்கத் தொடங்கிய பூவை எடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். பச்சை ஹெலிபோர் இனங்களில் அந்த விதைப் பைகளும் அழகாகவே இருக்கும். இதற்கு நேர்மாறானது பனிப்பந்து எனப்படும் வைபர்னம் ‘ரோசியம்’. அதன் பச்சை இளமைப் பச்சை மட்டுமே. ஒரு வாரம் தாமதித்தால் வெள்ளையாகிவிடும். உருண்டை கட்டியிருக்கிறது, ஆனால் இன்னும் வெளுக்கவில்லை என்ற குறுகிய இடைவெளியில் பறித்து, கட்டையான தண்டின் அடியை நீளவாக்கில் பிளந்து ஆழமான நீரில் நிறுத்த வேண்டும்.

வெப்பமான இடத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கீரை இனமான பச்சை அமராந்தஸ். ‘விரிடிஸ்’ ரகம் நீண்ட குஞ்சங்களாகத் தொங்கும். ‘கிரீன் தம்ப்’ நேராக நிமிரும். கீரை வளர்த்த கை யாருக்கும் இது எளிது. குஞ்சத்தில் சிறு பூக்கள் முக்கால் பங்கு விரிந்த பிறகு, விதை உதிரத் தொடங்குமுன் பறித்து, இலைகளை முழுவதும் உருவிவிட வேண்டும். இலை இருந்தால் முதலில் அதுதான் வாடி முழுத் தண்டையும் கெடுக்கும். சதகுப்பையின் இளங்குடைகள், கொத்துமல்லிக் குடும்பத்து அம்மி விஸ்நாகா ‘கிரீன் மிஸ்ட்’, புகையிலை இனத்து நிக்கோட்டியானா ஆகியவை அதைவிடக் குளிர்ந்த பருவத்துக்கு ஏற்றவை. நிக்கோட்டியானா லாங்ஸ்டார்ஃபை என்ற இனத்தின் சிறு பச்சை மணிகளுக்குள் மகரந்தம் நீலமாக இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த கோம்போகார்பஸ், மென்முடி படர்ந்த பச்சைப் பலூன் காய்களுக்காக வளர்க்கப்படுவது. காய் பழுப்பாகி வெடிக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

இந்தச் செடிகளில் சிலவற்றின் பால், சாறு பற்றி எச்சரிக்கை தேவை. கோம்போகார்பஸ், பச்சைப் பூவடி இலைகளுக்காகக் கொத்தில் சேர்க்கும் யூஃபோர்பியா இரண்டிலும் வெள்ளைப் பால் வடியும். யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் கடுமையான காயம் உண்டாகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். வெட்டிய முனையைக் கொதிநீரில் சில நொடிகள் தோய்த்தால் பால் நின்றுவிடும். அதுவரை மற்றப் பூக்களோடு ஒரே வாளியில் வைக்கக் கூடாது. அம்மியின் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பும். நீள்கைச் சட்டை அணிந்து பறிப்பது நல்லது. ஹெலிபோர், நிக்கோட்டியானா இரண்டும் உண்டால் நஞ்சு. உணவு மேசைக்கோ குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கோ கொத்து கொடுக்கும்போது இவற்றைத் தவிர்த்துவிடுவது என் வழக்கம்.

பச்சைப் பூ வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. எள்ளில் பூ முழுவதும் சிறு இலைக்கொத்தாக மாறிப்போவதைப் பார்த்திருக்கலாம். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் தத்துப்பூச்சி வழியாகப் பரவி, பூவின் உறுப்புகளை இலையாக்கிவிடுவதால் வருவது அது. ஆஸ்டர், சாமந்தி, எக்கினேசியா, ஜினியா எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட நோய் வரும். சிவப்பாகப் பூத்துக்கொண்டிருந்த ஒரு செடி திடீரெனப் பச்சைப் பூ விட்டால், புது ரகம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து துண்டு எடுத்துப் பெருக்காதீர்கள். பூ கோணலாக, ஒரு பக்கம் மட்டும் பச்சையாக, நடுவிலிருந்து இலை முளைத்து, செடியும் குட்டையாகி மஞ்சளித்திருந்தால் அது நோய். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். நல்ல பச்சை ரகத்தில் எல்லாப் பூவும் ஒரே சீராகப் பச்சையாக இருக்கும், செடியும் ஊக்கமாக இருக்கும்.

பறித்த பின் கவனிப்பதில் உறுதியானவையும் ஐயத்துக்குரியவையும் கலந்தே புழங்குகின்றன. வெயில் ஏறுமுன் பறிப்பது, கூர்மையான கத்தி, கழுவிய வாளி, நீருக்குள் இருக்கும் இலைகளை உருவிவிடுவது, ஓரிரு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றித் தண்டை மறுபடி வெட்டுவது ஆகியவை பலன் தரும் என்பதில் ஐயமில்லை. பழுக்கும் பழங்களின் அருகில் பூவை வைக்கக் கூடாது என்பதும் உறுதி. அவை விடும் எத்திலீன் வாயு பல பூக்களை விரைவில் முதுமையாக்கும், பச்சையத்தையும் சிதைக்கும். நெடுநேர இருட்டும் பச்சையைக் குறைக்கும். ஆகவே பெட்டியில் மூடி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்புவதற்கு இதழ்ப் பச்சை ரகங்கள் ஏற்றவையல்ல. நீரில் வெறும் சர்க்கரை போடுவதால் நன்மையைவிடப் பாக்டீரியாப் பெருக்கமே அதிகம். அமிலமும் கிருமிநாசினியும் சேர்ந்த தயார்ப் பூ உணவில்தான் சர்க்கரைக்கு இடம் உண்டு. செப்புக் காசு, ஆஸ்பிரின் முதலியவற்றை நம்பி இருக்க வேண்டாம். தண்ணீரை மாற்றுவதற்கு அவை ஈடாகா.

கொத்தில் சேர்ப்பதைப் பற்றி ஒரு சொல். இளம்பச்சை, கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் அருகில் மிக நன்றாக எடுபடும். இலைகளின் நடுவே வைத்தால் காணாமல் போய்விடும். ஆகவே பச்சைப் பூ வைக்கும் கொத்தில் இலையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் இந்தப் பச்சை மங்கித் தெரியும் என்பதால், மாலை நிகழ்ச்சிக்குக் கட்டும்போது அந்த விளக்கிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதல் ஆண்டுக்கு எதை விதைப்பது என்றால், வெப்பமான இடமாக இருந்தால் ஜினியா, அமராந்தஸ், கோம்போகார்பஸ் மூன்றும் போதும். ஜினியாவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் தொடர்ந்து பூ கிடைக்கும். குளிர்காலம் உறைபனியோடு வரும் இடமாக இருந்தால் இவற்றோடு பெல்ஸ் ஆஃப் அயர்லாந்து, பூப்ளூரம், நிலையாக இருக்க ஆல்கமில்லா என்ற பல்லாண்டுச் செடி, ஒரு ஹைட்ரேஞ்சியா, கிழங்குக்கு ‘ஸ்பிரிங் கிரீன்’ டியூலிப். குளிரே இல்லாத இடத்தில் டியூலிப்பும் ஹெலிபோரும் வைபர்னமும் வைத்துப் பணத்தையும் ஆண்டுகளையும் வீணாக்க வேண்டாம் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

எடுத்து வைத்த ஜினியா விதையை விதைக்கலாம். ஆனால் அதிலிருந்து பச்சையே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜினியாவில் மகரந்தத்தைச் சுமப்பவை தேனீயும் வண்ணத்துப்பூச்சியும். பக்கத்துப் பாத்தியில் சிவப்போ ஆரஞ்சோ இருந்திருந்தால் விதைக்குள் அதுவும் கலந்திருக்கும். கலப்பின ரகமாக இருந்தால் தனியாக வளர்த்திருந்தாலும் அதன் விதையிலிருந்து வரும் செடிகள் தாயைப் போல் இல்லாமல் பலவாறாகப் பிரியும். கலப்பினம் அல்லாத ‘என்வி’யாக இருந்து, அதன் விதையையே தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பினால், மற்ற நிறங்கள் எட்டாத இடத்தில் அதை மட்டும் வளர்த்து, மொட்டு விரியும் வாரத்திலேயே ஒற்றை அடுக்கும் வெளிறிய நிறமும் கொண்ட செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். மிஞ்சியவற்றில் ஆழ்ந்த பச்சையும் உறுதியான கழுத்தும் உள்ள செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, அவற்றின் பூவைப் பறிக்காமல் செடியிலேயே காய விட்டு விதை எடுங்கள். இப்போது கையில் இருக்கும் விதையைப் பாத்தியின் ஓர் ஓரத்தில் தனியே விதைத்து, வருவதைக் கலவை நிறக் கொத்துகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.